வாளுக்குப் புளி போடாதீங்க

சண்டைப் படத்தில் வாளை உருவினாலே ‘சிங்’கென்று சத்தம் வரும். மர உறை, தோல் உறையிலிருந்து உருவினால் அது வராது. வந்தால், உறைவாய்த் தகட்டில் வாளின் கூர் உரசி மழுங்குகிறது என்று அர்த்தம்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் பழைய வாளுக்குப் புளியும் உப்புத்தாளும் போடுவதுதான் பெரிய கொடுமை. புளியின் அமிலம், இரும்பின் மேல் படிந்து அதைக் காக்கும் கருப்புப் படலத்தைத் தின்றுவிடும். மறுநாளே செந்துரு பூக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு ராத்திரி சுற்றி வையுங்கள். பிறகு 0000 நம்பர் ஸ்டீல் வூலால் (மிக மெல்லிய இரும்பு நார்) நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். செந்துரு போனதும் நிறுத்துங்கள், கருப்பு இருக்கட்டும். கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகித் தூசியைப் பிடிக்கும்.

சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குப்பியில், உருக்கிய பழைய எஃகில் கரிமம் சுமார் 1.5 சதவீதம், இன்று அரிவாள் அடிக்கிற லாரி வில்பட்டையில் 0.6 சொச்சம்தான். அவ்வளவு கரிமம் இருப்பதால் மூசை எஃகை வெளிர்மஞ்சள் வரை காய்ச்சினால் எஃகின் மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் இளகி, சம்மட்டி பட்டதும் கருப்பட்டி மாதிரி உதிரும். செஞ்சூட்டிலேயே பொறுமையாக அடிக்கணும். அப்படி அடித்த வாளின் மேல் வரும் நீரோட்டம் போன்ற கோலம் உப்புத்தாள் பட்டால் மங்கிவிடும்.

பூசை முடிந்ததும் சந்தனம், குங்குமத்தை அன்றைக்கே துடைத்துவிடுங்கள். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீங்க. அது ஈரம் குடிக்கும்.