வாணி விழா வள்ளுவர்

நவராத்திரியில் கலைமகளுக்கு எடுக்கும் எங்கள் பாடசாலை வாணி விழாவில் பிள்ளைகள் போடும் வேடங்களில் ஔவையார் வருவார், பாரதியார் வருவார். வள்ளுவர் வராத ஆண்டே இல்லை. பாரதிக்குப் புகைப்படம் இருக்கிறது, வள்ளுவருக்கு எதுவும் இல்லை. இன்று நம் மனத்தில் பதிந்துள்ள முகம் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964இல் அது சென்னைச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு வெகு முன்பே, சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரை காலத்துப் பொன் நாணயத்தில் வள்ளுவர் குடையின் கீழ் அமர்ந்திருக்கிறார். 2000இல் திறந்த கன்னியாகுமரிச் சிலையில் மூன்று விரல் காட்டி நிற்கிறார். ஆகவே அசல் முகத்தைத் தேடி அலைய வேண்டாம். கொண்டை, தாடி, ஏடு, எழுத்தாணி நான்கும் சரியாக அமைந்தால் சபை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். எங்கள் ஆசிரியர்கள் இந்த நான்கில் மட்டும் எதையும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். புலம்பெயர்ந்த மண்ணில் பிள்ளைகளை மேடையேற்றும் பெற்றோருக்கு அந்தச் செய்முறை உதவும்.

தாடிக்குப் பஞ்சு ஒட்டவே கூடாது. வியர்த்ததும் கழன்று வாய்க்குள் போகும். பசையால் பிள்ளையின் தோலும் சிவந்துவிடும். மெல்லிய வலைத்துணியைக் காதிலிருந்து காது வரை நாடியளவில் வெட்டி, இரு முனையிலும் இலாஸ்ரிக் தையுங்கள். 50 கிராம் கம்பளி நூல் போதும். சாம்பல் நிறத்தோடு கொஞ்சம் கறுப்பும் கலக்க வேண்டும், தனி வெள்ளை மேடை வெளிச்சத்தில் முகத்தையே விழுங்கிவிடும். நூலை 25 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, முறுக்கை அவிழ்த்துச் சீப்பால் வாருங்கள். பிறகு கூரைக்குக் கிடுகு வேய்வதுபோல் கீழ் வரிசையில் தொடங்கி மேல்நோக்கித் தையுங்கள். மேலிருந்து தொடங்கினால் தையல் எல்லாம் வெளியே தெரியும். மீசையைத் தனித் துண்டாகச் செய்து, மேலுதடு தெரியும்படி கத்தரிக்க வேண்டும். தாடியோடு சேர்த்துத் தைத்தால் வாய் திறக்கும்போதெல்லாம் மீசையும் இறங்கும், குறள் ஒருவருக்கும் கேட்காது.

கொண்டைக்குக் கறுப்புக் காலுறைத் துணியில் தொப்பி தைத்து, உச்சியில் நூலுருண்டையைப் பொருத்தலாம். குட்டை முடியில் கிளிப் நிற்காது, பிடரியில் இலாஸ்ரிக் வேண்டும்.

மேடைகளில் அதிகம் பிழைப்பது ஏடும் எழுத்தாணியும்தான். சுருட்டிய கடதாசியும் மயிலிறகும் வள்ளுவர் கைக்கு உரியவை அல்ல. நூல் எழுதிய ஓலைகள் நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய சுவடிகள். மொத்தமான கடதாசி மட்டையில் 30 சென்ரிமீற்றர் நீளம், மூன்றரை அகலத்தில் இருபது துண்டுகள் வெட்டுங்கள். சாயத் தேநீரை இருபுறமும் பூசி, பாரம் வைத்துக் காயவிட வேண்டும். பாரம் இல்லாவிட்டால் சுருண்டுவிடும். இரண்டு துளை போட்டு, ஒன்றில் கயிறும் மற்றதில் நாராசம் என்ற குச்சியும் செருகுங்கள். ஏட்டுக்கு ஒரு குறள், நீளவாக்கில். பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. பிள்ளை வாசிக்க வேண்டுமென்றால் புள்ளியிட்டே எழுதலாம்.

எழுத்தாணிக்கு இரும்பு நிறம் பூசிய மரக்குச்சி போதும். அதைப் பேனாபோல் பிடிக்கக் கூடாது. வலக்கையால் பொத்திப் பிடித்து, நுனியை இடது பெருவிரலால் தாங்க வேண்டும். எழுத எழுத ஏடுதான் நகரும். கண்ணாடிக்கு முன் இந்த அசைவை நன்றாகப் பழக்குங்கள், வேடத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

வேட்டியும் சால்வையும் கரையில்லாத பருத்தியாக இருக்கட்டும். பொலியெஸ்ரர் மினுங்கும், தேநீர்ச் சாயமும் பிடிக்காது. திருநீறு, உருத்திராக்கம், பூணூல் எதுவும் வேண்டாம். அவரைச் சைவர் என்றும் சமணர் என்றும் வாதிடுவோர் உண்டு. சர்மாவின் ஓவியத்திலும் சமயக்குறி கிடையாது. கைக்கடிகாரத்தைக் கழற்ற மறக்க வேண்டாம்.

சொல்வதற்கு 280ஆம் குறளைப் பரிந்துரைப்பேன்: “மழித்தலும் நீட்டலும் வேண்டா உலகம் பழித்தது ஒழித்து விடின்.” நீண்ட தாடியோடு இருப்பவர் வாயிலிருந்து இது வரும்போது சபை நிமிர்ந்து கேட்கும். சப்பாணி கட்டி இருந்தபடி சொல்வதால் ஒலிவாங்கியை முன்கூட்டியே தாழ்த்தி வையுங்கள். எழும்பும்போது வேட்டி காலில் தடக்கும். இடுப்பில் நாடா கட்டி, முன்மடிப்பைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்தி, முழு வேடத்தில் இரண்டு மூன்று தரம் இருந்து எழும்பிப் பார்க்கட்டும்.