ஒரு காலா, நாலு காலுமா?

நாய் ஓயாமல் பாதத்தை நக்குகிறதா? மருந்தைத் தேடுவதற்கு முன்னால், எந்தக் காலை நக்குகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு கால் என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தக் காலிலேயே இருக்கும்: நெருஞ்சி முள், கண்ணாடிச் சில்லு, உடைந்த நகம், உண்ணி. டார்ச் அடித்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பாருங்கள். அடியில் பெரிய மெத்தைக்கும் விரல் மெத்தைகளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. பலர் அதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். உண்ணி ஒளிய அதைவிட வசதியான இடம் இல்லை.

நாலு காலையும், அல்லது முன்னங்கால் இரண்டையும் நக்கினால் முதல் சந்தேகம் அலர்ஜிதான். வீட்டுத் தூசி, மகரந்தம், சில நாய்களுக்குச் சாப்பாடு. பினாயில் போட்டுத் துடைத்த தரை காய்வதற்குள் நடந்தாலும் பாதம் எரியும். வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்து, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள்.

வெள்ளை முடி செம்பழுப்பாவது எச்சிலில் இருக்கும் போர்ஃபிரின் நிறமியால், ரத்தம் இல்லை. ஆனால் நக்கல் பல நாளாக நடக்கிறது என்பதற்கு அது சாட்சி. நக்க நக்க விரலிடுக்கு ஈரமாகவே இருக்கும்; அந்த ஈரத்தில் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை பெருகும்; அது அரிப்பைக் கூட்டும்; நாய் இன்னும் நக்கும். புளித்த மாவு போல வாடை, நகத்தின் அடியில் பழுப்பு அழுக்கு, தடித்துக் கறுத்த தோல் இருந்தால் ஈஸ்ட் என்று சந்தேகிக்கலாம். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம்.

இதற்கு 2% குளோர்ஹெக்சிடினும் 2% மைகோனசோலும் சேர்ந்த நாய் ஷாம்பூ, வாரம் இரண்டு முறை, குறைந்தது மூன்று வாரம். நுரை பத்து நிமிடம் பாதத்தில் நிற்க வேண்டும். இரண்டே நிமிடத்தில் அலசிவிட்டு 'கேட்கவில்லை' என்பவர்கள்தான் அதிகம். அந்தப் பத்து நிமிடமும் நாய் நக்காமல் பக்கத்திலேயே இருங்கள். அலசிய பின் பருத்தித் துண்டை விரலிடுக்கில் நுழைத்து ஒற்றி எடுங்கள். வாக்கிங் போய் வந்தபோதும் அப்படியே: தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய வைக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வேண்டாம். பிசுக்கு தங்கும், மிச்சம் வயிற்றுக்குப் போகும். நமக்கு வாங்கிய படர்தாமரைக் களிம்பு அதைவிட ஆபத்து. பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்புக்குக் காரணம் தோலுக்குள் வாழும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணியாக இருந்தால், அந்த ஸ்டீராய்டால் நோய் முற்றும்.

வீக்கம், சீழ், நொண்டல், விரலிடுக்கில் கட்டி என்றால் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள். தோலைச் சுரண்டியும் டேப்பில் ஒற்றியும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டின் மேல் சந்தேகம் வந்தால், இதுவரை தின்றிராத ஒரே வகை இறைச்சியோ மருத்துவர் சொல்லும் பிரத்யேக உணவோ எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட், தட்டில் மிஞ்சிய ஒரு வாய் தயிர்சாதம் உள்ளே போனாலும் சோதனை கெட்டுவிடும். அரிப்பு குறைந்த பிறகு பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் மறுபடி நக்க ஆரம்பித்தால் சாப்பாடுதான் காரணம்.