கட்டியங்காரன் இல்லாத கூத்து

சீனாவின் சியான் நகருக்குக் குடிவந்து ஓராண்டு நிறையும் தறுவாயில்தான், மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் வணக்கம் சொல்லிப் பழகிய அடுத்த வீட்டு அம்மையாருடன் ஹுவாச்சிங் அரண்மனையின் இரவுக் காட்சிக்குப் போகும் வாய்ப்பு அமைந்தது. தாய் வயதுடைய பெண்களை இங்கே ‘ஆயீ’ என்று அழைக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பக்கத்தில் பாட்டியை ‘ஆயா’ என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு, சீன மொழியில் முதலில் நாவில் தங்கிய சொல் அதுதான். நுழைவுச்சீட்டு எடுக்கப் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் வேண்டும். அப்பாவின் பெயரையும் சேர்த்து நீளும் என் பெயரை, இரண்டு மூன்று சீன எழுத்துகளை எதிர்பார்த்து அமைத்த கைப்பேசிக் கட்டம் ஏற்க மறுத்தது. கடைசியில் ஆயீதான் சீட்டு விற்கும் இடத்தில் நின்று வாதாடி வாங்கித் தந்தார்.

நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், லீ மலையின் அடிவாரத்து வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி அமைந்த அரண்மனை அது. தாங் வமிசத்துப் பேரரசர் சுவான்சோங்கும் அவர் பெருங்காதல் கொண்டிருந்த யாங் குய்ஃபெயும் குளிர்காலங்களைக் கழித்த இடம். அவர்கள் கதையைக் கவிஞர் பாய் ஜூயி 806ஆம் ஆண்டில் 120 அடிகளில் பாடினார். ‘நீங்காத் துயரின் பாடல்’ என்று பொருள்படும் அதன் பெயரையே காட்சிக்கும் வைத்திருக்கிறார்கள். இருட்டியதும் எதிரே உள்ள மலை முழுவதும் விண்மீன்களாக ஒளிர்கிறது. சரிவில் ஒரு நிலா உதிக்கிறது. குளத்து நீருக்குள்ளிருந்து மேடை எழும்ப, பட்டுக் கைகளை வீசியபடி ஆடற்பெண்கள் வரிசை வரிசையாக வருகிறார்கள். உண்மையான மலையையே திரைச்சீலையாக்கிவிட்ட துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் 755இல் ஆன் லூஷான் என்ற படைத்தலைவன் தொடங்கி எட்டாண்டுகள் நாட்டையே உலுக்கிய கலகம், நீரின்மேல் பற்றி எரியும் நெருப்பாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தப்பியோடும் வழியில் மாவெய் என்னுமிடத்தில் சொந்தக் காவற்படையே யாங் குய்ஃபெயின் உயிரைக் கேட்டதும், பேரரசர் இணங்கியதும் பிரிவின் சோகமாக மட்டுமே நிற்கின்றன. பிறகு இருவரும் வானுலகில் சேர்ந்துவிடுகிறார்கள். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவை ஊரில் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவுக்கு வந்தது. 2008 பேர் ஒரே வீச்சில் தாளம் கொட்டியதும், காகிதமும் அச்சும் திசைகாட்டியும் அரங்கில் விரிந்ததும், அங்கிருந்து விண்வெளி வீரர்களிடம் கதை தாவியதும் வாய்பிளக்க வைத்தன. இடையில் விடுபட்ட நூற்றாண்டை அன்று நான் தேடவில்லை. இதே ஹுவாச்சிங்கில்தான் 1936 டிசம்பர் 12 அன்று, அப்போது சீனாவை ஆண்ட தலைவர் சியாங் கை-ஷேக்கை அவருடைய தளபதிகளே சிறைப்பிடித்தனர். அதற்குத் தனிக் காட்சி, தனிச் சீட்டு.

நான் இப்படி உள்ளூரக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது. விண்ணில் இணைச்சிறகுப் பறவைகளாவோம், மண்ணில் பின்னிய கிளைகளாவோம் என்று வரும் அடிகளை ஆயீ ஒலிபெருக்கிக்கு முந்திச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசைச் சிறுவன் ஒருவனும் சொன்னான். அவர்கள் கதை தெரிந்துகொள்ள வரவில்லை. பாரதக் கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதான் எங்கள் ஊரும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. சுருக்கியதையும் விட்டதையும் பார்ப்பவர்களே மனத்தில் நிரப்பிக்கொள்கிறார்கள் என்பது, பாடல் தெரியாத எனக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கியது.

இருந்தும் ஒரு குறை உறுத்தியது. எங்கள் கூத்தில் முடிதரித்து வரும் எந்த ராஜாவையும் கட்டியங்காரன் சும்மா விடமாட்டான். ‘நீ யாரய்யா, எந்த ஊரய்யா’ என்று குறுக்கே கேட்டு, அவனுடைய பெருமையை அங்கேயே கொஞ்சம் இறக்கிவைப்பான். இவ்வளவு விளக்கும் நீரும் நெருப்பும் கொண்ட மேடையில் பேரரசரைக் குறுக்குக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை.

திரும்பும் வழியில், காட்சி பிடித்ததா என்று ஆயீ கேட்டார். பிடித்தது என்றேன், அழகாக இருந்தது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பையிலிருந்த மாதுளையை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார். பிறகு, எனக்குப் புரியட்டும் என்று சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “அவள் முதலில் அவருடைய மகனின் மனைவி. யாரும் அறியாமல் அந்தப்புரத்தில் வளர்ந்த பெண் என்று கவிஞரே மழுப்பிவிட்டார். இவர்களா சொல்லப்போகிறார்கள்?”

முன்னிருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆயீ நிறுத்தவில்லை, வீடு வந்து சேரும்வரை பேரரசருக்கு வசவு விழுந்துகொண்டே இருந்தது.