ஆளில்லா இன்ஸ்டால்: மார்ச் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

40.

பழைய மெஷினின் டிஸ்கில் படிக்க முடியாமல் போன துண்டுகளின் (செக்டர்) எண்ணிக்கை இது. டிஸ்க் சாவதற்குள் அதில் இருப்பதைப் புது மெஷினுக்கு மாற்றணும். அந்தப் புது மெஷின் ராக்கில் ஏறிவிட்டதாக மெயில் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் இரும்பு. என் கையில் இருப்பது, தூரத்திலிருந்தே மெஷினை இயக்குகிற ஐபிஎம்ஐ மட்டும்: பவர் போடலாம், அணைக்கலாம், எதிலிருந்து பூட் ஆகணும் என்று சொல்லலாம். திரையைப் பார்க்கிற கேவிஎம் ஜன்னல் நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்துபோகிறது. அதில் உட்கார்ந்து, ஏற்றப்போகிற லினக்ஸான டெபியன் 12 கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் என்டர் தட்ட என்னால் ஆகாது. எல்லாப் பதிலையும் ஒரு ப்ரீசீட் ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஏறிக்கொள்ளும். இரண்டு நாள் வேலை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 4

40. அப்படியே இருக்கிறது.

மார்ச் 5

பிஎக்ஸ்இ-யில், அதாவது நெட்வொர்க்கிலிருந்தே பூட் ஆகும்படி, போட்டேன். நெட்வொர்க் கார்டு ஐபி கேட்டது, கிடைத்தது, டிஎஃப்டிபி-யில் ஃபைலை எடுத்தது, அப்புறம் சத்தமே இல்லை. மதியம் பூராவும் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டு 69-ஆம் போர்ட்டையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் மெஷின் புது வகை பூட் முறையான யூஇஎஃப்ஐ, நான் கொடுத்திருந்தது பழைய முறையான பயாஸுக்கான ஃபைல். ஐபி கேட்கிற டிஎச்சிபி பாக்கெட்டில், தன் வகையைச் சொல்கிற ஆப்ஷன் 93-இல் '7' என்று முதல் பாக்கெட்டிலேயே அது சொல்லியிருக்கிறது. பயாஸ் என்றால் அங்கே '0' வரும். லாகில் இருந்ததை நான்தான் படிக்கவில்லை.

மார்ச் 6

48. எட்டு கூடியிருக்கிறது.

கர்னல் ஏறியது, கன்சோல் காலி. ஐபிஎம்ஐ காட்டுவது இரண்டாவது சீரியல் போர்ட்டை, நான் எழுதியது முதலாவதை. டிடிஒய்எஸ்0-ஐ டிடிஒய்எஸ்1 என்று மாற்றி, வேகம் 115200 என்று போட்டதும் எழுத்து வந்தது. ஒரே ஒரு இலக்கம்.

வந்த முதல் எழுத்தே "மொழியைத் தேர்ந்தெடு". எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொழி, கீபோர்டு எல்லாம் ஃபைலில் எழுதித்தானே வைத்திருக்கிறேன்? ஆனால் ஃபைல் நெட்வொர்க்கில் இருக்கிறது. நெட்வொர்க் எழும்புவதற்கு முன்னாலேயே இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. பதில் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் கேள்வி. கர்னல் வரியில் ஆட்டோ ட்ரூ, ப்ரையாரிட்டி கிரிட்டிக்கல் என்று சேர்த்த பிறகுதான் அவற்றைத் தள்ளிப்போட்டது. இரண்டு நெட்வொர்க் கார்டு இருப்பதால் எது வேண்டும் என்று வேறு கேட்டது. அதையும் அதே வரியில் ஆட்டோ என்றேன்.

மார்ச் 8

112.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் இல்லை. பார்ட்டிஷன் பிரிக்கிற இடத்தில் நிற்கிறது. "மாற்றங்களை டிஸ்கில் எழுதவா?" அதன் இயல்பான பதில் 'இல்லை'. அப்படி வைத்தவர்கள் புத்திசாலிகள். அதை 'ஆம்' என்று எழுதி வைக்கணும், அதுவும் ஓரிடத்தில் இல்லை. டிஸ்கைப் பங்கு போடுகிற எல்விஎம்-முக்குத் தனியாக, பழைய எல்விஎம்-மை அழிக்கத் தனியாக, மேலெழுதாவிட்டாலும் உறுதி செய்யத் தனியாக. ஒன்றை விட்டாலும் ராத்திரி பூராவும் அந்தக் கேள்வியிலேயே நிற்கும்.

எழுதிவிட்டேன். அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது. இந்த 'ஆம்' யார் கேட்டாலும் 'ஆம்'தானே? அதே சுவிட்சில் மெயில் மெஷினும் இருக்கிறது. ஏதோ காரணத்தால் அது ரீபூட் ஆகி, பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்துவிட்டால்? ஐபி கேட்கும், கிடைக்கும், ஃபைலைப் படிக்கும், ஆறு வருஷ மெயிலையும் மரியாதையாகத் துடைத்துவிட்டு டெபியனை ஏற்றிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை வராது. எச்சரிக்கையை அடைத்ததே நான்தான். பழைய மெஷினுக்கும் இதே கதியா என்று ஒரு மணி நேரம் பயந்தேன். ஐபி கேட்டால் பதில் சொல்கிற டிஎன்எஸ்மாஸ்க் ப்ரோக்ராம் ஓடுவதே அதில்தான், அது பூட் ஆகும்போது அதற்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. ராத்திரி மூன்று மணிக்கு மூளை இந்த லட்சணத்தில்தான் வேலை செய்கிறது.

எழுந்து போய், மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தெரிந்தவருக்கு மட்டும் பதில், மற்ற யார் கேட்டாலும் கண்டுகொள்ளாதே என்று போட்டேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். பொய், ஐந்து தரம்.

மார்ச் 10

மெஷின் இருக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பையன் போன் செய்தான். "சார், புது மெஷின் ஹேங் ஆயிடுச்சு போல. மானிட்டர் மாட்டிப் பார்த்தேன், ஒண்ணுமே வரல. பவர் பட்டன அமுக்கிடட்டா?"

"தம்பி, தொடாதே! எல்லாம் சீரியல்ல போயிட்டிருக்கு, அதான் மானிட்டர்ல வரல."

"ஓ... சரி சார். கைய எடுத்துட்டேன்."

எடுத்துட்டேன் என்றானே, அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சீரியலும் அடிக்கடி அறுந்துபோவதால் இப்போது நான் பார்ப்பது பழைய மெஷினின் வெப் லாகை. ப்ரீசீட் ஃபைல் கேட்டு ஒரு 200 ('கொடுத்தாச்சு' என்று அர்த்தம்) வந்தால் புது மெஷின் உயிரோடு இருக்கிறது. பேக்கேஜ்களை இறக்கிக் கொடுக்கிற ப்ராக்ஸியின் லாகில் கர்னல் பேக்கேஜ் பெயர் வந்தால் டிஸ்க் பிரித்தாகிவிட்டது. எஸ்எஸ்எச் சர்வர் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அடுத்த அறையில் நடமாட்டத்தைக் காதால் கேட்கிற மாதிரி.

ராத்திரி 11:52-க்கு ஒரு 200. படுக்கப் போகிறேன்.

மார்ச் 11

காலை ஆறரைக்கு லாகைப் பார்த்தால் 11:52, 12:30, 1:08, 1:46... மொத்தம் 11 தரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக 38 நிமிஷம். ஒரு தவறும் இல்லாமல் ஏற்றி முடித்து, ரீபூட் ஆகி, மறுபடி நெட்வொர்க்குக்கே போய், மறுபடி முதலிலிருந்து. ஐபிஎம்ஐ-யில் 'அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும்' என்பதுதான் இயல்பு. நான் என்னவோ பெரிய ஆள் மாதிரி பெர்சிஸ்டன்ட், அதாவது எப்போதும், என்று சேர்த்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொன்னேன். "பத்தாவது தரம் நல்லா வந்துதா?" என்றார்.

மார்ச் 12

ஏறிவிட்டது. உள்ளே போக முடியவில்லை. என் எஸ்எஸ்எச் சாவியை (பாஸ்வேர்டுக்குப் பதிலாக வைக்கிற ஃபைல்) மறுக்கிறது. பாஸ்வேர்டு லாகினை நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 13

248.

முடிகிற நேரத்தில் ஓடுகிற லேட் கமாண்டில் சாவி ஃபோல்டரை ரூட் (நிர்வாகிக் கணக்கு) உருவாக்கி, சொந்தக்காரன் மட்டும் திறக்கலாம் என்கிற 700 போட்டுவிட்டது. சொந்தக்காரனை மாற்றுகிற வரியை நான் எழுதவில்லை. என் பெயருக்கு வந்த சாவியை என் பெயரில் படிக்க அனுமதி இல்லை. ஒரு வரி சேர்த்து, மறுபடி முதலிலிருந்து. 38 நிமிஷம். இதில் ஒரு சுகம் இருக்கிறது: போன வருஷமாக இருந்தால் ரெஸ்க்யூவில் ஏறி அதை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது துடைத்துவிட்டு மறுபடி போடுகிறேன், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் போலிருக்கிறது.

உள்ளே போனேன்! காலி மெஷின். டைரக்டரி பட்டியல் போட்டால் ஒன்றும் வரவில்லை, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14

640. பழையதிலிருந்து புதுசுக்கு ஃபைல்களை நகலெடுக்கிற ஆர்சிங்க் ஓடுகிறது. மெயில் மெஷினின் பூட் வரிசையை இன்னொரு தரம் பார்த்தேன்.

மார்ச் 15

ஒரு ஃபோல்டரில் ரீட் எரர். தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

1904. இன்னும் 70 ஜிபி.