திருவாரூர் கல்தேர் முன்னாடி நின்னப்போ

திருவாரூர் போறவங்க பெரும்பாலும் தியாகராஜர், வன்மீகநாதர், கமலாம்பாள் தரிசனம் முடிச்சுட்டு கமலாலயக் குளத்தங்கரையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு கிளம்பிடுவாங்க. தியாகராஜருக்கு முகம் மட்டும்தான் தரிசனம், பாதம் பாக்கணும்னா மார்கழித் திருவாதிரைக்கோ பங்குனி உத்திரத்துக்கோ தான் வரணும். அந்த முகத்தைப் பாத்தாலே மனசு நிறைஞ்சிடும், அது வேற விஷயம். ஆனா கோயிலுக்கு வெளிய மனுநீதிச் சோழனோட கல்தேர் ஒண்ணு இருக்கு, தயவுசெஞ்சு அதைப் பாக்காம வந்துடாதீங்க.

சக்கரத்துக்குக் கீழ இளவரசன் கிடக்கறான். கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா கல்லுல பாக்கும்போது வயித்தைப் பிசையுது. கூட வந்த பெரியம்மா அதைப் பாத்துட்டு, "ஏம்ப்பா, கன்னுக்குட்டி தானா வந்து சக்கரத்துல விழுந்துச்சு, அந்தப் புள்ள வேணும்னா ஏத்துனான்? பெத்த அப்பனுக்கு ஈவு இரக்கம் வேணாமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு உடனே பதில் வரல, ஏன்னா அது சின்னக் கேள்வி இல்ல, ஆட்சி பண்றவன் எங்க இரங்கலாம் எங்க இரங்கக்கூடாதுன்னு காலங்காலமா பெரிய பெரிய ஆளுங்க மோதிக்கிட்ட கேள்வி அது.

பெரியபுராணத்துல மந்திரிங்க ராஜாகிட்ட ஒரு வழி சொல்றாங்க, பசுவதைக்கு சாஸ்திரத்துல பிராயச்சித்தம் இருக்கு, அதைப் பண்ணிட்டா போதும்னு. ராஜா கேக்கறான், அதைப் பண்ணா இந்தப் பசுவோட துக்கம் தீருமா, அடுத்தவன் ஒரு உயிரைக் கொன்னா அவனைக் கொல்லுவேன், என் மகன் கொன்னா பிராயச்சித்தமான்னு. இந்த இடம்தாங்க உயிர். ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1797-ல கிட்டத்தட்ட இதையேதான் வேற பக்கமிருந்து சொல்றார், ஆளறவனோட உரிமைகள்லயே ரொம்ப வழுக்கலானது மன்னிக்கற உரிமைதான், குடிமக்கள் ஒருத்தருக்கொருத்தர் பண்ண குத்தத்தை மன்னிக்க அரசனுக்கு அதிகாரமே கிடையாது, தனக்கு எதிரா பண்ணதை மட்டும் மன்னிச்சுக்கலாம்னு. பறிகொடுத்தது பசு, ராஜா எப்படி அதுக்குப் பதிலா மன்னிப்பான்?

அதுக்காக ஆட்சியில இரக்கமே கூடாதுன்னு நான் சொல்ல வரல. வள்ளுவர் அருளுடைமையைத் துறவறத்துல வெச்சுட்டு, கண்ணோட்டத்தை, அதாவது அடுத்தவங்களைப் பாத்து இரங்கற குணத்தை, பொருட்பால்ல அரசியலுக்குள்ள, 58-வது அதிகாரமா வெச்சிருக்கார். செங்கோன்மை சொன்ன அதே வரிசையில! கூடவே ஒரு நிபந்தனையும் போடறார், தன் கடமை கெடாம கண்ணோட வல்லவனுக்குத்தான் உலகம் உரிமைன்னு. நம்ம அரசியல் சட்டமும் 72-வது பிரிவுல ஜனாதிபதிக்கும் 161-வது பிரிவுல கவர்னருக்கும் மன்னிக்கற அதிகாரம் குடுத்திருக்கு, ஆனா 2006-ல சுப்ரீம் கோர்ட், சாதி, மதம், கட்சி விசுவாசம் பாத்து மன்னிக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. தன் ஆளுன்னு பாத்து இரங்கறதுக்குப் பேரு சலுகை, அதைக் கருணைன்னு சொல்றது எனக்குப் பொறுக்காது.

அந்தக் கதையில எனக்குத் தாங்காத ஆள் மந்திரிதான். தேரை ஏத்துன்னு ராஜா சொன்னதும் அவர் ஏத்தல, தன் உயிரை விட்டுடறார். தண்டனைன்னு எழுதற கை ஒண்ணு, நிறைவேத்தற கை வேற ஒண்ணு, அந்தக் கைக்கு என்ன ஆகும்னு யாரும் கேக்கறதில்ல. அப்புறம் ராஜாவே தேர் ஏறினான். ஈசன் வந்தது அதுக்கப்புறம்தான், கன்னு, பிள்ளை, மந்திரி மூணு பேரும் எழுந்தாங்க. மணி அடிச்ச பசுவுக்கு முதல்ல நியாயம், அப்புறம்தான் அருள். இந்த வரிசைதான் முக்கியம்னு பெரியம்மாகிட்ட சொன்னேன். "சாமி வந்தாரு, சரி. வரலேன்னா?"ன்னாங்க. நியாயமான கேள்வி. தெரியாம நடந்ததையும் வேணும்னே பண்ணதையும் ஒரே தராசுல வெக்கக்கூடாதுங்கற அளவுக்கு நான் அவங்க பக்கம்தான், நம்ம சட்டமும் அப்படித்தான் பிரிக்குது.

இதே ஊர்லதான் சுந்தரரும் இருக்கார். உன்னை விட்டுப் பிரியமாட்டேன்னு மனைவி சங்கிலியாருக்குக் குடுத்த வாக்கை மீறினதுக்காக ரெண்டு கண்ணும் போச்சு, தோழன்னு ஈசன் தண்டனையைக் குறைக்கல பாருங்க. காஞ்சிபுரத்துல இடக்கண் வந்துச்சு, திருவாரூர்லதான் வலக்கண். அந்த மீளா அடிமைப் பதிகத்தைப் படிச்சுப் பாருங்க, கெஞ்சல் கொஞ்சம்தான், மீதி முழுக்க சண்டை, நீர் மட்டும் நல்லா வாழ்ந்து போம்னு பாட்டுக்குப் பாட்டு திட்டறார். கருணை கேக்கறவன் கூனிக்குறுகித்தான் கேக்கணும்னு யார் சொன்னது, ஏன் இவ்வளவு நாள் காக்க வெச்சீங்கன்னு கேக்கற உரிமை அவனுக்கும் உண்டு. கருணை மனுவுக்கு பதில் சொல்லாம வருஷக்கணக்கா இழுத்தடிச்சதை முக்கியக் காரணமா வெச்சு, 2014 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் 15 பேரோட தூக்கு தண்டனையை ஆயுளா குறைச்சுது. அந்தத் தீர்ப்பைப் பத்தி சொன்னதும்தான் பெரியம்மா, "அது சரி, அதான் முறை"ன்னு தலையாட்டினாங்க.