மழைக்கு வேண்டுவதும் மழையை ஆராய்வதும்

கொடைக்கானல் மேல்மலையில் மழை பிந்தும் ஆண்டுகளில், பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டவர்கள் பூம்பாறை குழந்தை வேலப்பர் சன்னிதியில் மழைக்காக வேண்டிக்கொள்வார்கள். அவர்களோடு நானும் நிற்பேன். நீராவி குளிர்ந்து மேகமாவதையும் கடலில் தாழ்வழுத்தம் உருவாவதையும் வகுப்பறையில் கற்பிப்பவனும் நான்தான். மழை காற்றழுத்தத்தாலும் கடல் வெப்பத்தாலும் வருவதென்றால், முருகனிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

அந்தக் கேள்வியோடு நெருங்கிய வரலாறு ஒன்று இதே மலையில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மடிந்தனர். பருவமழை ஏன் பொய்த்தது என்று ஆராய்ந்தவர்களுள் சிலர், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியப் புள்ளிகளுக்கும் (சூரியனின் முகத்தில் தோன்றும் கருமையான திட்டுகள்) மழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கருதினர். சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை அதனால் வலுப்பெற்று, 1899-இல் வானியலாளர் மிச்சி ஸ்மித்தின் தலைமையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. 1901-இல் அங்கே பணி தொடங்கியது. அம்மன் கோயில்களில் மழை கேட்டு அழுதவர்களும் தொலைநோக்கியை மலையேற்றியவர்களும் ஒரே துயரத்தினால்தான் வானத்தைப் பார்த்தார்கள் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

சூரியப் புள்ளிகளைக் கொண்டு பருவமழையைக் கணித்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. பிற்காலத்தில் வானிலை ஆய்வாளர் கில்பர்ட் வாக்கர், பசிபிக் பெருங்கடலின் மேலும் இந்தியப் பெருங்கடலின் மேலும் உள்ள காற்றழுத்தம் தராசுத் தட்டுகளைப் போல மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். தாது வருஷத்து வறட்சிக்குப் பின்னால் கடுமையான எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு, இருந்தது என்பதை இன்று அறிவோம். ஆயினும் அந்த ஆய்வகம் எவரும் எதிர்பாராத வேறொன்றைத் தந்தது. 1909 சனவரியில் அங்கே பணியாற்றிய வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் (ஒளியைப் பிரித்தால் ஒவ்வொரு வகை அணுவும் தனக்குரிய இடத்தில் காட்டும் கோடுகள்) சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, புள்ளியின் உட்பகுதியிலிருந்து விளிம்பை நோக்கி வாயு பாய்கிறது என்று கணித்தார். ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அணுவும் நம் கொல்லன் உலையில் கிடக்கும் அணுவும் ஒரே விதிக்குக் கட்டுப்படுவதால்தான் அந்தக் கணக்கு கைகூடியது. அந்த ஒழுங்கை நினைக்கும்போது எனக்குள் எழும் வியப்பு, சன்னிதியில் திரை விலகும்போது எழும் வியப்புக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஆகவே, அறிவியல் இன்னும் விளக்காத மூலைகளில் இறைவனுக்கு இடம் தேடுவது எனக்கு உடன்பாடில்லை. கோள்களின் பாதைகள் காலப்போக்கில் குலையும், அவற்றை இறைவன் அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் எண்ணினார். அது படைத்தவரின் திறமையைக் குறைத்துச் சொல்வதாகும் என்று 1715-இல் ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் மறுத்தார். வளிமண்டலத்தில் நேரும் மிகச் சிறிய மாற்றமும் பெரிய விளைவாக வளரக்கூடும் என்று 1963-இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டிய பிறகு, கண்ணுக்குப் புலப்படாத அந்த நுண்மையில்தான் இறைவன் தலையிடுகிறார் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். மழை வேண்டி நிற்பவனுக்கு இனிக்கும் வாதம்தான். ஆனால், அளக்க முடியாத இடத்தில் மட்டும் இறைவன் செயல்படுகிறான் என்றால், அளக்க முடிந்த இத்தனை பெரிய உலகம் யாருடையது? காற்றும் கடலும் தம் விதிப்படி இயங்குவதே அவன் செயல் என்று நம்புகிறேன். அந்தச் செயலின் முன்னே என் தேவையையும் என் அச்சத்தையும் சொல்கிறேன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்த வேண்டுதல் வீண்போனதாக எனக்குத் தோன்றியதில்லை.

அப்படியானால் அற்புதம் என்று ஒன்று இல்லவே இல்லையா என்று கேட்டால், அப்பரை நினைக்காமல் என்னால் பதில் சொல்ல இயலாது. ‘கற்றூணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே’ என்ற அடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அது மனத்துணிவின் உருவகம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் திருநீலக்குடிப் பதிகத்தில், கல்லோடு பூட்டி நீரில் தள்ளப்பட்டபோது அரன் நாமத்தைச் சொல்லி உய்ந்ததாக அவரே தம் அனுபவமாகப் பாடுகிறார். கருங்கல்லின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு, அது மூழ்கத்தான் செய்யும். மூழ்கும் என்ற உறுதி இருப்பதால்தான் அப்பர் கரையேறியதை நாம் அற்புதம் என்கிறோம். கல் சில நாள் மிதந்து சில நாள் மூழ்கும் உலகமாக இருந்திருந்தால், அந்த நிகழ்ச்சியை யார் போற்றியிருப்பார்கள்? இயற்கையின் ஒழுங்கை மதிக்காதவனுக்கு அற்புதத்தின் அருமையும் விளங்காது.

இயற்கையின் மாறாத ஒழுங்கைப் பற்றிய அனுபவத்தைவிட அற்புதத்தைப் பற்றிய ஒருவரது சாட்சியம் எளிதில் வலிமை பெறாது என்று 1748-இல் தத்துவஞானி டேவிட் ஹியூம் எழுதினார். அன்றாட வாழ்வுக்கு அந்த அளவுகோலை நான் மனமார ஏற்கிறேன். எனினும், இதுவரை கண்டவற்றைக் கொண்டு நாம் கட்டிய அறிவே இயற்கை விதி. ஒருகாலும் ஓரிடத்திலும் வேறாக நிகழவே முடியாது என்று அது தானாகவே நிறுவிவிடுவதில்லை. அதனால் அப்பரின் சொல்லை நம்புகிறேன். அதை வகுப்பறையில் இயற்பியலாகக் கற்பிக்கமாட்டேன்; என்னோடு சேர்ந்து நம்பும்படி எவரையும் வற்புறுத்தவும்மாட்டேன்.

உடல்நலம் என்று வரும்போது மட்டும் இந்த நிதானம் எனக்குப் போதாது. பழனி மூலவரும் பூம்பாறை மூலவரும் போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தால் (ஒன்பது நச்சுப் பொருள்களின் கலவையால்) வடித்த திருமேனிகள் என்பது மரபு. அந்தத் திருமேனிகளை நான் வணங்குகிறேன். ஆனால் நவபாஷாண மணி என்று எதையோ விற்று, அதை நீரில் ஊறவைத்துக் குடித்தால் நோய் தீரும் என்று ஒருவர் சொன்னால், அது சோதித்துப் பார்க்க வேண்டிய மருத்துவக் கூற்றாகிவிடுகிறது. மரபு குறிப்பிடும் பாஷாணங்களில் பாதரசமும் ஆர்சனிக்கும் சேர்ந்தவை உண்டு. அவை சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கக்கூடியவை. விற்பவர் முருகன் பெயரைச் சொல்கிறார் என்பதற்காக அவரிடம் ஆய்வறிக்கை கேட்கக் கூசுவது பக்தியாகாது. மேல்மலை ஊர்களிலிருந்து மருத்துவமனையை அடையவே வெகுநேரம் பிடிக்கிறது. காய்ச்சல் கண்ட குழந்தைக்குத் திருநீறு பூசுங்கள். பேருந்துக்காகக் காத்திருக்கும்போதே பூசுங்கள் என்று எங்கள் ஊர்த் தாய்மார்களிடம் நான் சொல்லிவருகிறேன்.