நம்ம வண்டி, வெளி வண்டி

"இடது பின் லாக்கைத் திறக்காமல் விட்டுவிட்டார்." இது நம்ம கன்டெய்னர் யார்டு டிரைவரைப் பற்றிய அறிக்கை. "டிரைவர் அலட்சியமானவர்." இது வெளி டிரெய்லர்காரரைப் பற்றியது. இரண்டையும் எழுதியது ஒரே ஃபோர்மேன். இரண்டு முறையும் நடந்தது ஒரே மாதிரிதான்: பாக்ஸை, அதாவது கன்டெய்னரை, டிரெய்லரோடு பூட்டும் லாக் திறக்காததால், தூக்கும்போது டிரெய்லரும் சேர்ந்து மேலே போனது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. முதலாமவருக்கு வாய்வார்த்தையாக எச்சரிக்கை. இரண்டாமவருக்கு கேட் பாஸ் ரத்து.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு ஃபோர்மேன் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது. "அவன் நம்ம பையன் சார், அவசரத்துல உட்டுட்டான். லாரிக்காரனுங்க எப்பவுமே இப்படித்தான்."

அவசரம் யாருக்கு இல்லை? எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று, கேபினிலேயே தூங்கி எழுந்து வருகிறவருக்கு இல்லாத அவசரமா? இருபதடி பாக்ஸ் இரண்டு ஏற்றிய நாற்பதடி டிரெய்லரில் எட்டு லாக். மூலையில் இருப்பவை கண்ணில் படும். நடுவில் இருப்பவை தப்பிவிடும். கடல் காற்றில் துருவேறினால் கைப்பிடி திரும்பியது போலத் தெரியும், உள்ளே லாக்கின் தலை திரும்பியிருக்காது. பாக்ஸைத் தூக்கும் இயந்திரம் ரீச் ஸ்டாக்கர். நாற்பத்தைந்து டன் தூக்குகிற அதற்கு, சிக்கிய டிரெய்லர் ஒரு சுமையே இல்லை. லீவரைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியாது.

1989இல் உளவியலாளர் அன்னே மாஸும் சக ஆய்வாளர்களும் இத்தாலியில், குதிரைப் பந்தயத்தில் மோதும் பேட்டைக்காரர்களிடம் படங்களைக் காட்டி விவரிக்கச் சொன்னார்கள். தன் பேட்டை ஆள் தப்பு செய்தால் செயலைச் சொன்னார்கள். எதிர்ப்பேட்டை ஆள் செய்தால் குணத்தைச் சொன்னார்கள். செயல் அன்றோடு முடிந்துவிடும். குணம் என்று எழுதிவிட்டால் அடுத்த முறையும் அதையே எதிர்பார்ப்போம். கேட் பாஸ் ரத்தாவது அங்கேதான்.

ஆனால் ஃபோர்மேனை முழுசாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம்ம டிரைவரின் பழைய பதிவு ஃபைலில் இருக்கிறது. நிதானமானவர் என்பதற்கு ஆதாரம் உண்டு. வெளி டிரைவரைப் பற்றி ஒரு காகிதமும் கிடையாது. தெரிந்தவரை நம்புவது பாரபட்சமா, முன்ஜாக்கிரதையா? முன்ஜாக்கிரதை என்றுதான் அன்று தோன்றியது. தெரியாதது என்பதாலேயே ஒருவர் பதிவு மோசமாகத்தான் இருக்கும் என்று எப்படி முடிவாயிற்று என்பது பிறகு எழுந்த கேள்வி.

பெயரை எடுத்துவிட்டு அறிக்கையைக் கமிட்டிக்கு அனுப்பிப் பார்த்தோம். யார்டில் அது செல்லாது. வண்டி நம்பரைப் பார்த்ததுமே யாருடைய வண்டி என்று எல்லோருக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. தூக்கும்போது ஒரு அடி உயர்த்தி நிறுத்தி, எல்லா மூலைகளையும் பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். அது ரீச் ஸ்டாக்கர் ஆபரேட்டரின் பொறுப்பு. ஒரு அடியில் நிறுத்திப் பார்த்திருந்தால் இரண்டு டிரெய்லர்களும் அதற்கு மேல் போயிருக்காது. ஆபரேட்டர்கள் எல்லோரும் நம்ம ஆட்கள். இரண்டு அறிக்கையிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது படிவத்தை மாற்றியிருக்கிறோம். குணத்தைக் குறிக்கும் சொல் கூடாது. எந்த லாக், கைப்பிடி எந்த நிலையில், எவ்வளவு உயரத்தில் நிறுத்தப்பட்டது, அவ்வளவுதான். ஃபோர்மேன் ஒழுங்காகவே நிரப்புகிறார், உயரத்துக்கான கட்டத்தைத் தவிர. அதில் "பொருந்தாது" என்று எழுதுகிறார்.